சூமில் இறங்க வேண்டிய சாமான்

"கட்டில் காலுக்குத் துணி சுத்தாம ஏத்தாதே எஸ்லெம்! ஒரு கீறல் விழுந்தாலும் சூம் ஊர்ல என் மானம் போயிடும்."

"தாயே, நீ போய்ப் பெட்டியில உட்காரு. இதை நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துப்பே! போன தடவை நீ கட்டின ஆடு பாதி வழியில அவிழ்த்துக்கிட்டு ஓடிச்சு."

"அந்த ஆட்டுக்குப் புத்தி அதிகம். அதுக்கு நான் என்ன பண்ண?"

சிரிப்பை அடக்க, சல்கா மேல்துணியின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

சுவேரத்துச் சுரங்க நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்தது. எல்லா வண்டியிலும் இரும்புத் தாது. வால் மாதிரி கடைசியில் ஒரே ஒரு பயணிகள் பெட்டி. தாதுக் குவியலின் மேல் அவளுடைய கட்டில், கூடாரத் துணி, தோல் தலையணைகள், மரப்பெட்டி, தேநீர்த் தட்டு எல்லாம் ஏறிவிட்டன. முண்டாசுக்குள் கண் மட்டும் தெரிய, எஸ்லெம் அவற்றுக்குக் காவலாக மேலேயே உட்கார்ந்தான்.

பெட்டியில் எதிரே இருந்தவள் மஹ்ஜூபா. இரண்டு பேர் இடத்தை ஒருத்தியாக நிறைத்திருந்தாள். சல்காவின் கையில் சிவந்திருந்த மருதாணியைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சூம்ல மேளம் காத்திருக்கா?"

"காத்திருக்கு அக்கா."

"மேல இருக்கறவன்?"

"அவன்தான்."

"பரவாயில்லையே! என் ஆளு வாசலைக்கூடத் தாண்டலை. சாமான் எல்லாம் வந்துட்டுதா?"

"ஒரு கண்ணாடிக் குவளைகூடக் குறையலை."

"அப்புறம் என்ன? தலை நிமிர்ந்து இறங்கு."

நிமிர்ந்துதான் இறங்க வேண்டும். சாமான் இறங்குவதற்குள் ரயில் கிளம்பிவிடுமோ என்று ஒரு பயம். தன் கண் கலங்கிவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். மேளத்துக்கு முன்னால் அழுத முகத்தோடு நிற்பவளை ஊர் லேசில் மறக்காது.

தாதுத் தூள் பல்லில் நெறுநெறுத்தது. சல்கா தன் மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். வருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கிணற்றில் கல் போட்டுக் கேட்பதுபோலக் கேட்டால், அடியில் தண்ணீர்ச் சத்தம் வந்தது. வறண்டு போகவில்லை. அது போதும்.

சூமில் ரயில் நின்றதும் ஆண்கள் ஓடிவந்தார்கள். கட்டில் இறங்கியது, கூடாரத் துணி இறங்கியது. மரப்பெட்டி மட்டும் மாட்டிக்கொண்டது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது.

"போகட்டும், விட்டுடு எஸ்லெம்!"

"உன் பெட்டியை நான் வச்சிக்கிட்டேன்னு பேர் வரவா?" என்று கத்தியபடி, அதை முதுகால் நெம்பி, கீழிருந்து நீண்ட கைகளில் தள்ளிவிட்டான். ரயில் நகர்ந்தது. அவன் இறங்கவில்லை. முண்டாசை இறக்கி, தாதுத் தூளில் கறுத்த முகத்தில் பல் தெரியக் கையசைத்தான்.

"நல்லா இரு சல்கா!"

"நீயும் நல்லா இரு! தேநீர்ல சர்க்கரையைக் குறைச்சுக்கோ!"

அவள் கண் கலங்கவில்லை.

மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி கூவினாள்:

"எஸ்லெமுக்கும் என் மகளுக்கும் மணவிலக்கு ஆயாச்சு, இத்தாக் காத்திருப்பும் முடிஞ்சாச்சு, அதுக்குத்தான் இந்த மேளம்! பொண்ணு கேக்க நினைக்கிறவங்க நாளைக்கே வரலாம்!"