அவருக்குச் சூடு ஆகாது

காட்டாக்கடையில் வாங்கிய பெரிய ஏசி கண்டென்சரோடு ஆனந்தலட்சுமி, காலையில் காரை விட்டுப் போயிருந்த பாறசாலை ஒர்க்ஷாப்பில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மெக்கானிக் சுனில்குமாருக்குச் சிரிப்பு வந்தது.

"பழைய ஸ்போர்ட்ஸ் காரு. இருக்கது ரெண்டே சீட்டு. இத்தற பெரிய கண்டென்சர் எதுக்கு அக்கா? உள்ள மீனு ஏத்தப் போறியளா?"

"இப்ப உள்ள குளிரு போதாது மக்கா. அவருக்குச் சூடு ஆகாது."

சுனிலின் சிரிப்பு நின்றது. அவள் கணவன் சிவதாணு இந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் இறந்து ஒரு வருடம் ஆகிறது.

"அண்ணன் மேல உள்ள பிரியம் புரியுது. ஆனாலும் இந்த வண்டிய வித்திரலாமே, அக்கா?"

"ரெண்டு தடவ வித்தேன். ரெண்டு தடவையும் விடியும்போ எங்க முற்றத்துல வந்து நிக்குது."

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று சுனில் நினைத்துக்கொண்டான்.

"இது பிரியமில்ல மக்கா, பயமாக்கும்! ஏசி ஓடுனா அந்தக் குளிருல அவரு உறங்குவாரு. சூடு தட்டினா முழிச்சு, என்னையும் கூட வரச் சொல்லுவாரு. பழைய கண்டென்சருக்கு வலு இல்ல. இப்ப அடிக்கடி முழிக்காரு."

அப்போதுதான் தரையில் கிடந்ததை அவள் பார்த்தாள்.

"எலே, இது பழசுல்லா? எப்பக் கழத்தினே?"

"காலையிலயே. பேட்டரியும் கழத்தி வெச்சாச்சு. அப்பம் முதலே வண்டி வெயில்லதான் கெடக்கு."

"நான் வாறது வர ஏசிய நிறுத்தாதேன்னு சொன்னேனே..."

பேட்டரி இல்லாத கார் உறுமியபடி ஸ்டார்ட் ஆனது. அவள் வழக்கமாக உட்காரும் இடது பக்கக் கதவு மெல்லத் திறந்தது.