என்ன சொல்கிறார்

பக்கவாதம் வந்தபின் தணிகாசலத்திடம் மிஞ்சியது "ம்" என்ற ஒரே ஒலிதான். அது அவர் மனைவி கனகவல்லிக்கு மட்டுமே புரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரிடம் கேட்டிருந்தால் அதற்கும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பார். பார்க்க வருகிறவர்களிடம் அவள் அதை விரித்துச் சொல்வாள்: "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வர முடியலன்னு வருத்தப்படறாரு." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணனோடு பேச்சே இல்லாமல் இருந்த தம்பி வேதமூர்த்தி ஒரு நாள் வந்தார். கட்டிலருகே நின்று உடைந்து அழுதார்.

"அம்மா செத்தப்ப முகத்தக்கூட உனக்குக் காட்டாம எடுத்துட்டேண்ணா."

"ம்" என்றார் தணிகாசலம்.

"மன்னிச்சிட்டாராம் தம்பி" என்றாள் கனகவல்லி.

தணிகாசலத்தின் இடது கை மெல்ல எழுந்தது. அது போய் அவள் வாயைப் பொத்தியது.

வேதமூர்த்தி பதறினார். "என்ன சொல்றாரு அண்ணி?"

அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கித் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"பழசையெல்லாம் இனி பேச வேணாங்கறாரு."

தணிகாசலத்தின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதற்கும் அர்த்தம் கேட்டு, தம்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.