கயிற்றின் மறுமுனை

ரஃபியின் இடுப்பில் தொடங்கிய கயிறு, மூன்றாவது மாடி ஜன்னலுக்குள் நின்ற ஒரு பெண்ணின் கைக்குள் போய் மறைந்தது.

பழனி ரோட்டில் எதிர்வரிசைக் கடை நிழலில் நின்று, ருக்சானா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புருஷனுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு. அவன் மறந்து வைத்துவிட்டுப் போனானா, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனானா என்று பேகம்பூரிலிருந்து ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தாள்.

வெளிச்சுவரில் முடுக்கிய இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், காலை மாற்றி வைக்கவும் இடமில்லாத சன்ஷேடில் நின்று ரஃபி நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்தால் அந்தப் பெண் கயிற்றைத் தளர்த்தினாள். நின்றால் இழுத்துப் பிடித்தாள்.

அவள் ஒரு தடவைகூட ரஃபியின் முகத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்க அவன் பெல்ட் கொக்கியிலேயே இருந்தது. என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டாள் ருக்சானா.

இவள்தான் ஜீவிதாவாக இருக்க வேண்டும். ரஃபி புதுக் கடைக்கு மாறியதிலிருந்து அந்தப் பெயர் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

நிக்காஹ் ஆன நாளிலிருந்து ருக்சானா கெஞ்சாத கெஞ்சல் இல்லை. உயரத்தில் ஏறும்போது பெல்ட் போடுங்கள் என்றால் அவன் சிரிப்பான். "சன்ஷேடுல நிக்கிறதுக்கெல்லாம் பெல்ட்டக் கட்டுனா, கூட இருக்கவய்ங்க கேலி பேசுவாய்ங்க புள்ள."

இப்போது ஒரு நாள் விடாமல் மாட்டுகிறான். எப்படித் திருந்தினீர்கள் என்று கேட்டதற்கு, "ஜீவிதா விடாது" என்றான். யார் அது என்றதற்கு, "கடையில வேல பாக்குது. அப்பறமாச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டான்.

நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில் வண்டிப் பெட்டியைத் திறந்து அந்தப் பெல்ட்டை எடுத்துப் பார்த்திருந்தாள். யாரோ பருத்த ஆளுக்கானது. தொங்கும் மிச்ச வாரை ஒருத்தி அழகாக மடித்து, பொடித் தையல் போட்டு, ரஃபியின் ஒல்லி இடுப்புக்குக் கச்சிதமாக்கியிருந்தாள். அந்தத் தையல் இன்னும் ருக்சானாவின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

ரோட்டைக் கடந்து படியேறினாள். கதவைத் திறந்தது வீட்டுக்காரம்மா ரோஸ்மேரி டீச்சர்.

"ஏ.சி. மாட்டுறவரு வீட்டுலருந்து வாரேன்" என்றாள் ருக்சானா.

டீச்சர் விழித்தார். "அப்ப உள்ள நிக்கிற புள்ள? நான் அதுதான் அவரு சம்சாரம்னுல்ல நெனச்சேன். காபி குடுத்தேன், கயித்த விட்டுட்டு வாங்க மாட்டேன்னுருச்சு. இப்பிடி ஒரு பொண்டாட்டி வாய்க்கணுமேன்னு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ருக்சானா நேரே அறைக்குள் போனாள். கயிற்றின் நுனி ஹால் தூணில் இறுகக் கட்டியிருந்தது. அப்படியும் நடுவில் நின்று ஜீவிதா அதைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"தூணுல கட்டியிருக்குல்ல? பொறவு நீ எதுக்கும்மா எம் புருசனப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்க?"

ஜீவிதா திரும்பவில்லை. "செத்த இருங்கக்கா. அண்ணே உள்ள வரட்டும்."

"அண்ணேயா? எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் கூப்புடுவாளுக."

ஜன்னலில் ரஃபியின் முகம் தெரிந்தது. "ஏ புள்ள, நீ எங்கிட்டு இங்க?"

"இங்க பாக்காதீங்கண்ணே, வேலையப் பாருங்க" என்றாள் ஜீவிதா. "கடைசி நட்டு ஏறிருச்சா? யூனிட்ட ஒருக்கா ஆட்டிப் பாருங்க."

ஆட்டினான். அது அசையவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பெண்டாட்டியிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதவன் அவள் சொன்னதைத் தட்டாமல் செய்ததை ருக்சானா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ரஃபி ஜன்னலைத் தாண்டி இரண்டு காலையும் தரையில் வைத்த பிறகுதான் ஜீவிதா கயிற்றை விட்டாள். அவள் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"ருக்சா, நீ பயப்படுவேன்னுதான் நான் ஒன்கிட்டச் சொல்லல..."

"நீங்க பேசாதீங்க."

அவன் இடுப்பிலிருந்து பெல்ட்டைத் தானே அவிழ்த்து, ஜீவிதாவின் காலடியில் எறிந்தாள்.

"நான் நாலு வருசமாச் சொன்னது ஏறாத காதுல ஒன் பேச்சு மட்டும் ஏறுது. எம் புருசன் உசுரு மேல ஒனக்கென்ன அம்புட்டு அக்கறை? ஒனக்குன்னு ஒரு புருசன் இல்லையா? இத எடுத்துட்டுப் போயி அவனுக்கு மாட்டி விடு."

ரஃபி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஜீவிதா பெல்ட்டை எடுத்துத் தூசி தட்டினாள். தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது அவருதுதான்க்கா. கீழ விழுந்து எறந்த அன்னைக்கு, வண்டியிலயே வச்சிட்டு ஏறிட்டாரு."