படிச்சுக் காட்டுங்கம்மா

என் வீட்டுக்காரர் இறந்து பத்து மாதமாகிறது. நகராட்சி ஆபீஸின் மூன்றாம் நம்பர் மேஜையில் இறப்புச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து விழாததால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அந்த நாற்காலி காலி.

"இப்பதான் வெளிய போனார், வந்துடுவார்" என்றார் பியூன், இன்றைக்கும். காலையிலிருந்து நின்றதில் வந்த தலைவலி தாங்காமல் எதிரே டீக்கடைக்குப் போனேன்.

பெஞ்சில் ஒருவர் பேப்பரைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன். கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கம்மா."

படித்தேன். ஒவ்வொரு செய்திக்கும் அவர் காறித் துப்பாத குறைதான்.

"மந்திரி மறுபடியும் வெளிநாடா? அவன் அப்பன் வீட்டுக் காசா? பக்கத்து நாட்டைப் பாருங்க, நேத்து முளைச்சது. அங்க எல்லாம் நேரத்துக்கு நடக்குது. இங்க எவனாவது வேலை செய்யறானா?"

என் வயிற்றெரிச்சலை அப்படியே சொன்னார் புண்ணியவான். ஒரு கையெழுத்துக்காக நான் அலைவதையும் கொட்டினேன்.

"பத்து மாசமா? அக்கிரமம். இவனுங்க உருப்படவே மாட்டானுங்க."

அவர் டீக்கும் நானே காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

"சார் இங்கதான் எங்கயோ இருக்கார். கண்ணாடி இருக்கு பாருங்க" என்றார் பியூன். விரித்த ஃபைலின்மேல் கண்ணாடி இருந்தது.

டீக்கடை மனிதர் என்னைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு. நாளைக்கு வாங்கம்மா."

என் மனுவை அவர் முன்னால் வைத்தேன்.

"பேப்பர் முழுக்க நான் படிச்சேன் சார். இந்த ஒரு தாளை நீங்க படிங்க."