சிரிக்காத படம்

ஸ்டூடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் உள்ளே வந்தபோது, வாலு கேக் டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த க்ரீமை விரலால் வழித்துக்கொண்டிருந்தது.

"படம் எடுத்த பிறகுதான் கேக்" என்றான். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு வயதில் அது சொன்ன பேச்சைக் கேட்டால்தான் அதிசயம். சும்மாவா வாலு என்று பெயர் வந்தது.

கல்யாண நாளன்று சொந்த ஸ்டூடியோவில் ஒரு குடும்பப் படம். அது அவர்கள் வழக்கம். எல்லாம் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. முதலில் அவனும் மனைவியும் மட்டும். அப்புறம் மடியில் ஒரு துணி மூட்டை. அந்த மூட்டைக்குக் கை கால் முளைத்து, போன வருடப் படத்தில் அப்பாவின் மூக்கைப் பிடித்துத் திருகுகிறது. பின்னால் எப்போதும் அருவி வரைந்த அதே திரை.

இந்த வருடம் படமே இருக்காது என்றுதான் அவன் பயந்திருந்தான்.

வாலுவின் பிறந்த நாளன்று அவன் யாரோ ஒரு குழந்தையின் பிறந்த நாளைப் படமெடுக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது வாலு தூங்கியிருந்தது. அன்றைக்கு நடந்த சண்டையில்தான் மனைவி சொன்னாள், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடமே போய்விடுகிறேன் என்று. "தாராளமா போ" என்று அவனும் சொல்லிவிட்டான். கோபத்தில் வாய்க்கு வந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

அதனால் காலையில் அவளாகவே "சாயந்திரம் ஸ்டூடியோவுக்கு வந்துடறோம்" என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வாடிக்கையாளர்களை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினான். கேக்கையும் தானே போய் வாங்கினான்.

அருவித் திரையை இறக்கப் போனவனை அவள் தடுத்தாள்.

"வெள்ளையே இருக்கட்டுங்க."

ஒரு மாறுதலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வெள்ளைத் திரையில் அழுக்குப் படக் கூடாதென்று மூவரும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டார்கள்.

அந்தச் செருப்பில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு, அதற்கு இதற்கு என்று சிரிக்காத படம் வேண்டுமென்று குழந்தைகளைக் கூட்டி வருவார்கள். அதில் அந்த வட்டாரத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. திடீரென்று "உன் செருப்பு எங்க?" என்று கேட்பான். எப்பேர்ப்பட்ட சுட்டியும் ஒரு நொடி சிரிப்பை விட்டுவிட்டு யோசிக்கும். அதற்குள் அவன் விரல் வேலையை முடித்துவிடும்.

டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து நின்றான். விளக்கு பளிச்சென்று அடித்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில், வாலு நின்றது போக, இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

"வாலுவை மட்டும் தனியா ஒண்ணு எடுங்க" என்றாள்.

குழந்தையைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தாள். தலையிலிருந்த ஹேர்பேண்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். முடியை ஒதுக்கிவிட்டு, இரண்டு காதும் தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

அவன் அந்த வெள்ளைத் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். காது தெரிய வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். பாஸ்போர்ட் படம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு கடைக்குப் போயிருக்கலாம் அவள். அவனுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய அவளுக்கு மனசு வராது. விளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டானா என்று காத்திருந்தாள்.

கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

கேட்பதற்குப் பதிலாக அவன் கோமாளி வேலையில் இறங்கினான். கன்னத்தை உப்பினான். கண்ணை மாறுகண் ஆக்கினான். லென்ஸ் மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு பெரிதாகத் தும்மினான். வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பால் பல் அத்தனையும் தெரிந்தது. பல் தெரிந்தால் பாஸ்போர்ட் ஆபீசில் வாங்க மாட்டார்கள். அவன் எடுத்துத் தள்ளினான். ஒன்றிலும் வாய் மூடவில்லை. அவனுக்கு உயிர் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாலு, உன் செருப்பு எங்க?"

வாலு சிரிப்பை நிறுத்தியது. நேராகப் பார்த்து யோசித்தது.

பழக்கதோஷம். அவன் விரல் அமுக்கிவிட்டது.

கேமராவில் படம் வந்தது. வாய் மூடியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. காது இரண்டும் தெரிந்தன. நிழல் விழவில்லை. எந்த ஆபீசும் ஒரு குறை சொல்ல முடியாது. அழிக்கிற பொத்தான் அவன் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அதற்குள் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

வாலு ஸ்டூலிலிருந்து குதித்து ஓடியது. கேக்கைக்கூட மறந்துவிட்டு, ஓரத்தில் கிடந்த செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை ஒரு பக்கமும் அப்பாவின் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தது.

"போட்டுக்கிட்டேன். மூணு பேரும் எங்கப்பா போறோம்?"