மூடிய வாய்கள்

தீவு கடலுக்குள் போய்விட்டது; இணைய முகவரிகளின் முடிவில் வரும் அதன் இரண்டு எழுத்துகள் மட்டும் மிச்சமிருந்தன. நாடே இல்லாதபோது எழுத்து எதற்கு என்று முடிவெடுக்க, முகவரிகளை ஆளும் சபை கூடியது. அங்கே கை தூக்கக் கூடாது. தூக்கினால் அரசியல் வந்துவிடுமாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று முனக வேண்டும். எந்தப் பக்கத்து முனகல் பலமோ, அதுவே முடிவு.

“எழுத்தை நீக்கலாம்னு நினைக்கிறவங்க?” என்றார் தலைவர். மண்டபம் இரைந்தது.

“கூடாதுன்னு நினைக்கிறவங்க?”

தீவிலிருந்து நேரில் வந்திருந்தவள் அமலோற்பவம் ஒருத்திதான். அவள் முனகினாள். தேசம் தேசமாகச் சிதறிப்போன மற்ற நானூறு பேர் சுவர்த்திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்தார்கள். உதடுகள் மூடியிருந்தன, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

“ஐயா, அவங்க மைக்கை அணைச்சு வெச்சிருக்கீங்க!”

“எதிரொலிக்குதும்மா, அதான்” என்ற தலைவர் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு தலையசைத்தார். “நீங்க ஒருத்தர்தான் முனகிட்டிருந்தீங்க. நீங்களும் வாயைத் திறந்துட்டீங்க.”

எதிர்ப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். திரையில் நானூறு கழுத்துகள் இன்னும் புடைத்தபடியே இருந்தன.