தெற்கு மூலைக் கோடு

கல்லலுக்குக் கிழக்கே, வற்றிய கண்மாய்க்குள் காலை வெயில் வெள்ளையாக விழுகிறது. தூர்வார வந்த ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கிறது. அங்கே வாழும் உயிர்களுக்காக ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விட விவசாயிகள் சம்மதித்திருக்கிறார்கள். எந்த மூலை என்பதைக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் சத்தியப்பிரியா சொல்ல வேண்டும். விட வேண்டிய மூலையைக் கோடு போட்டுக் குறிக்க அவள் கையில் சுண்ணாம்புத் தூள் வாளி இருக்கிறது. வடக்கு மூலையில் சம்புக் கோரைப் புதருக்குள் ஒரு குருவி விடாமல் பாடுகிறது. தெற்கு மூலையில் வெடித்த சேறுதான் தெரிகிறது. அதன் அடியில் தவளைகள் மழைக்காகப் புதைந்து கிடக்கின்றன. இரண்டுமே அருகிவரும் உயிர்கள். "குருவியாச்சும் பாடுது டீச்சர். ஒங்க தவளைய ஆரு பாத்தா?" என்கிறார் கண்மாய்ச் சங்கத் தலைவர் வீரபாண்டியன். "குருவி வேற கண்மாய்க்குப் பறந்துரும்ணே. இதுக எங்குட்டுப் போகும்?" "கூட்டுல முட்டை கெடக்குன்னு நீங்கதான சொன்னீக. அதுவும் பறந்துருமா?" அவள் தெற்கு மூலையில் குனிந்து கோடு போடுகிறாள். தூள் கொட்டக் கொட்ட விரல்கள் வெளுக்கின்றன. ஓட்டுநர் பெத்தன் இன்ஜினை அணைத்துவிட்டு, "அப்ப வடக்க வெட்டிரவா?" என்று கேட்கிறான். அவள் நிமிராமலே சரியென்று தலையசைக்கிறாள். இன்ஜின் அடங்கிய அமைதியில் குருவியின் பாட்டு கண்மாய் முழுக்கக் கேட்கிறது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.